ஏழாவது துளைக்கும் எட்டாவது துளைக்கும் நடுவில்

அன்று ஏசி அறைக்குள் இருந்தவர்கள் மூன்று பேர். முதலாளி, நாங்கள் அவரை சேர் என்றே கூப்பிடுவோம். சாமான் வாங்குவதையும் சீனத் தொழிற்சாலைக்கு ஓடர் அனுப்புவதையும் பார்த்துக்கொண்ட நிஸாம் நானா. மின்சுற்றுப் போர்ட்டைக் கணினியில் வரைகிற நான். இருந்திருக்க வேண்டியவர், ஆனால் இல்லாதவர், மரியா அக்கா. அவர் லீவில் இருக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில், ஈயம் உருக்கிப் போர்ட்டில் பாகங்களைப் பொருத்திக்கொண்டு இருந்தார். வரைவதைப் பற்றிய பேச்சுக்குப் பொருத்துகிறவரையும் கூப்பிட வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூப்பிட வேண்டாம் என்று முடிவெடுத்தோம் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த யோசனையே வரவில்லை.

இந்த மாதம் வேலைக்குச் சேர்ந்த உங்கள் மூவருக்கும் இதை எழுதுகிறேன். வேலையிலிருந்து ஓய்ந்து, பழைய கதை சொல்கிற வயது எனக்கில்லை. இந்தத் தொழிலில் ஆறு வருடம்தான். ஆனால் போன வியாழக்கிழமை உங்களில் ஒருவர் எனக்கு ஒரு கோப்பு அனுப்பினார். அதில் ஒரு கனெக்டரின் துளைகள் எல்லாம் கிரிட் புள்ளிகளில், அதாவது திரையில் சம தூரத்தில் விழும் குறிகளில், அச்சொட்டாக உட்கார்ந்திருந்தன. கீழே "எல்லாம் நேராக்கிட்டன் அண்ணா" என்று எழுதி ஒரு சிரிப்புப் படம் வேறு.  யார் என்று சொல்லமாட்டேன். நான் செய்ததைத்தான் அவரும் செய்திருக்கிறார். இதை வாயால் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. போன வருடம் வந்தவர்களுக்குச் சொன்னேன். அதற்கு முந்தின வருடம் வந்தவர்களுக்கும் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள், இரண்டு கிழமை கழித்து எல்லாவற்றையும் தெரிவுசெய்து நேராக்கினார்கள். ஆகவே எழுதிவிடுகிறேன்.

அப்போது எங்கள் கம்பனி கொட்டாஞ்சேனையில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. வெள்ளவத்தை அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் மோட்டார் ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்வோம். கீழ்த்தொட்டியில் எவ்வளவு, மேல்தொட்டியில் எவ்வளவு, மோட்டார் ஓடுகிறதா நிற்கிறதா என்று காட்ட அதில் ஒரு சின்ன டிஸ்பிளே இருக்கும். அந்த டிஸ்பிளேயின் கீழே வரிசையாகப் பதினாறு கால்கள். அவை போர்டில் உள்ள பதினாறு துளைகளில் இறங்க வேண்டும். கால்களுக்கு இடையில் உள்ள தூரம் ஓர் அங்குலத்தில் பத்தில் ஒன்று. மில்லிமீற்றரில் சொன்னால் இரண்டு தசம் ஐந்து நான்கு. அது டிஸ்பிளே செய்தவன் வைத்த அளவு. நம்முடைய விருப்பத்துக்கு மாறாது.

அறுபது போர்டுக்கு ஓடர். வாங்குகிறவர் பாமன்கடையில் மோட்டார் ஒப்பந்த வேலை செய்கிறவர். அனுப்புவதற்கு முன், அன்று அந்த ஏசி அறையில், வரைபடத்தைப் பெரிய தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினேன். சேர் துளைகளின் அளவுகளை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"என்ன தம்பி இது? ரெண்டு தசம் அஞ்சு நாலு, அஞ்சு தசம் பூச்சியம் எட்டு, ஏழு தசம் ஆறு ரெண்டு. சந்தைக் கணக்கு மாதிரிச் சில்லறை சில்லறையாக் கிடக்கு. கிரிட் என்னத்துக்கு இருக்கு?"

"சேர், அது அந்த டிஸ்பிளேயின்ர..."

"எனக்கு விளங்குது. ஆனா மற்றதெல்லாம் அரை மில்லிக் கிரிட்டில நேரா நிக்குது. இது மட்டும் புள்ளிக்கு அங்கால இங்கால நிக்குது. பாக்கிறவன் என்ன நினைப்பான்? வடிவா வையும்."

"சேர் செல்றதும் சரிதான். கோணலாத்தான் ஈக்கி" என்றார் நிஸாம் நானா. அவர் பேச்சில் சொல்றது 'செல்றது', இருக்கு 'ஈக்கி'. அவர் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது தன்னுடைய கைபேசியை.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு அப்போதே தெரியும். "சேர், இது வடிவம் பார்க்கிற இடம் இல்லை, கால் இறங்குகிற இடம்." இவ்வளவுதான். ஒரு வசனம். வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த ஒரு வசனத்தை விழுங்கிக்கொண்டு, பதினாறு துளைகளையும் ஒன்றாகத் தெரிவுசெய்து, கிரிட்டில் நேராக்கு என்ற கட்டளையை அழுத்தினேன். மென்பொருள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒவ்வொரு துளையும் தனக்குப் பக்கத்தில் இருந்த புள்ளியில் போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு பிழை பார்க்கும் கட்டளையை ஓட்டினேன். பிழைகள்: பூச்சியம்.

அந்தப் பூச்சியத்தை நான் ஏன் அவ்வளவு நம்பினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்கினார். என் விடைத்தாளை வாங்கிப் பார்த்து இது சரி, இது பிழை என்று சொல்ல வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆசிரியர் சிவப்பு மையில் என்ன போட்டாரோ அதுதான் கடைசி வார்த்தை. திரையில் பூச்சியத்தைக் கண்டபோதும் எனக்கு அப்படித்தான் இருந்தது. யாரோ திருத்திவிட்டார்கள், முழுப் புள்ளி கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் கட்டளை பார்ப்பது கோடு கோட்டில் முட்டுகிறதா, இடைவெளி போதுமா என்பதை மட்டும்தான். துளைக்குள் கால் இறங்குமா என்று அதற்குத் தெரியாது. அதற்குக் காலே கிடையாது.

வரைபடத்தை உண்மை அளவில் ஒரு தாளில் அச்சடித்து, டிஸ்பிளேயின் கால்களை அதன்மேல் வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். டிஸ்பிளே மரியா அக்காவின் மேசை லாச்சியில் இருந்தது. நான் எழும்பிப் போகவில்லை.

போர்ட்கள் வந்தன. முதல் நாள் காலையிலேயே அக்கா கண்ணாடிக் கதவைத் தட்டினார்.

"தம்பி, இது எறங்குதில்லையே. நடுவுல இறுகுது."

"கொஞ்சம் அமத்திப் பாருங்கக்கா."

"அமத்தித்தான் டிஸ்பிளே கண்ணாடி வெடிச்சது. இந்தா பாருங்க."

"கொம்பியூட்டர் பிழை பூச்சியம் எண்டு காட்டுதக்கா."

"அப்ப கொம்பியூட்டரையே வந்து மாட்டச் சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்தது. இப்போது நினைத்தால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. சேரைக் கூப்பிட்டேன். அவர் இரும்பு அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு வந்து, முதல் துளையிலிருந்து கடைசித் துளைவரை வைத்துப் பார்த்தார். முப்பத்தெட்டு மில்லிமீற்றர். டிஸ்பிளேயின் முதல் காலிலிருந்து கடைசிக் கால்வரை வைத்தார். முப்பத்தெட்டு.

"போர்டில ஒரு பிழையும் இல்ல" என்றார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா அந்த மாதம்தான் மூக்குக்கண்ணாடி போடத் தொடங்கியிருந்தார். "மரியா, இந்தக் கண்ணாடி உங்களுக்குச் சரியாப் பொருந்தேல்ல போல."

அக்கா தன் மேசைக்குத் திரும்பிப் போனார். சனிக்கிழமைக்குள் ஏழு டிஸ்பிளே உடைந்தது. சேதம் எழுதும் தாளில், காரணம் என்ற இடத்தில், "பொருத்துபவரின் கைப்பிழை" என்று சேர் எழுதினார். அன்று மாலை அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "கண் டொக்டரிட்ட ஒருக்காக் காட்டுங்கோ. திங்கக்கிழமை வர வேண்டாம். பிறகு பாப்பம்."

பிறகு பாப்பம் என்றால் என்ன என்று எங்கள் இடத்தில் எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னும் இரண்டு பேருக்கு அவர் அதைச் சொல்லியிருந்தார். இருவரும் திரும்பி வரவில்லை. முகத்துவாரத்தில் அக்காவின் வீடு அந்த ஒரு சம்பளத்தில்தான் ஓடியது. மூத்த மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அக்கா தன்னுடைய கைப்பையை எடுத்துக்கொண்டு போனபோது நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒன்றும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை வேறு ஆள் தேடினார்கள். கிடைக்கவில்லை. பாமன்கடைக்காரர் மணிக்கொரு தரம் தொலைபேசியில் எடுத்தார். "தம்பி, ஆறாம் மாடிச் சனம் வாளியோட கீழ இறங்கி நிக்குது. என்னை என்ன செய்யச் சொல்லுறீர்? கிணறு வெட்டட்டோ?" செவ்வாய்க்கிழமை காலையில் சேர் எனக்கு அக்காவின் கதிரையைக் காட்டி, "நீர்தான் இரும்" என்றார்.

ஒரு மணித்தியாலத்துக்குள் நான் நான்கு டிஸ்பிளே உடைத்தேன். எனக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. கையும் நடுங்கவில்லை.

ஐந்தாவதை எடுத்தபோதுதான், வேறு வழியில்லாமல், பூதக்கண்ணாடி பூட்டிய விளக்கை இழுத்துப் போர்ட்டை நேராகப் பார்த்தேன். பதினாறு துளைகள். ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் ஓர் இடைவெளி, பல் விழுந்த வாய் மாதிரி. மற்ற எல்லா இடைவெளிகளும் இரண்டரை மில்லிமீற்றர். அது மட்டும் மூன்று. மென்பொருள் முதல் ஏழு துளைகளையும் இடப்பக்கப் புள்ளிக்கு இழுத்திருந்தது, எட்டாவதிலிருந்து வலப்பக்கப் புள்ளிக்குத் தள்ளியிருந்தது. இரண்டு முனைகளும் கிட்டத்தட்டச் சரியான இடத்தில். அதனால்தான் அடிமட்டம் முப்பத்தெட்டு என்று சொன்னது. அக்கா முதல் நாளே சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. நடுவுல இறுகுது.

இனி வருவதைக் கவனமாக வாசியுங்கள். கிரிட் பற்றிய பகுதி முடிந்துவிட்டது.

சின்னக் குறடு ஒன்றை எடுத்து ஏழு கால்களை மெல்ல ஒரு பக்கமும், மற்ற ஒன்பதை மறுபக்கமும் சாய்த்துப் பார்த்தேன். டிஸ்பிளே இறங்கியது. ஒரு சத்தமும் இல்லாமல், வெண்ணெயில் இறங்குவது போல. இன்னொன்று செய்தேன். அதுவும் இறங்கியது. ஐந்து முடித்தேன். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொன்னால் வெட்கம். அறுபதையும் அன்று மாலைக்குள் முடிக்கலாம். பாமன்கடைக்காரர் வாயை மூடுவார். சேர் முதுகில் தட்டுவார். யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. வளைத்த கால் மோட்டார் அறை அதிர்வில் எத்தனை மாதம் தாங்கும் என்ற கேள்வி வந்தது. வந்ததை அப்பால் தள்ளினேன். அக்காவைப் பற்றிய கேள்வி அதுவரைக்கும் வரவேயில்லை.

நிஸாம் நானா தொழுகைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தார்.

"நானா, பாருங்க, எறங்குது!"

வாங்கித் திருப்பிப் பார்த்தார். "கால் ஏன் சாஞ்சீக்கி?"

"சும்மா கொஞ்சம் வளைச்சனான்."

"ஏன் வளைக்கணும்? டிஸ்பிளே நான் வாங்கினது. அஞ்சு வருசமா ஒரே எடத்துல வாங்குறேன். அதுல பிழையா?"

"இல்ல நானா."

"அப்ப போர்ட்லயா?"

நான் விளக்கை அப்பால் திருப்பினேன்.

"வாயத் தொறங்க தம்பி. ஜமாஅத்துக்கு நேரமாகுது."

"போர்ட்லதான். நான் நேராக்கின இடத்தில."

போர்ட்டை மேசையில் வைத்தார். "நானும்தானே கோணலா ஈக்கின்னு சென்னேன், பாக்காமலே." பிறகு, "அப்ப அந்த அக்காட கையில ஒண்டுமில்ல. நீங்க இத அறுபதையும் வளைச்சு முடிச்சா, அது அவங்கட கையிலதான் நிக்கும். சேரிட்ட நீங்க செல்றீங்களா, நான் செல்லவா? நான் சென்னா அசிங்கமா ஈக்கும்" என்றார்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பிழை விடுவீர்கள். விடாதீர்கள் என்று சொல்ல நான் யார்? ஆனால் நெருக்கடி நேரத்தில் கைக்கு ஒரு சமாளிப்பு கிடைத்து, அது வேலையும் செய்தால், கையை எடுத்துவிட்டு ஒன்றைக் கேளுங்கள். இது சரிவந்தால் பழி யார் தலையில் நிற்கும்? எனக்கு அதைக் கேட்க இன்னொரு ஆள் தேவைப்பட்டது. அவர் அந்த வழியால் போகாவிட்டால் நான் ஆறாவதை எடுத்திருப்பேன்.

சேரிடம் போனேன். போர்ட்டைக் காட்டிச் சொன்னேன். அவர் பூதக்கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"நான் வடிவா வையும் எண்டு சொன்னன். பிழையா வையும் எண்டு சொன்னனே?"

"இல்ல சேர்."

"பிழை பூச்சியம் எண்டு ஆர் சொன்னது?"

"நான்தான் சேர்."

"பல்கலைக்கழகத்தில இதைத்தான் படிச்சனீரோ?"

அதற்குப் பிறகு கால் மணித்தியாலம் அவர் பேசியதை எழுத மாட்டேன். பேசி முடித்ததும் நிஸாம் நானாவைக் கூப்பிட்டு, அறுபது போர்டையும் திருத்திய வரைபடத்தோடு அவசரமாகத் திரும்பச் செய்து விமானத்தில் எடுப்பிக்கச் சொன்னார். அந்த விடயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. வளைத்த ஐந்தையும் அனுப்புவோம் என்று அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"மரியா அக்காவைக் கூப்பிடட்டே சேர்?"

"இப்ப வந்து என்ன செய்யிறது? போர்ட் வரட்டும். சும்மா இருக்கிறதுக்குச் சம்பளம் குடுக்கேலுமே?"

"ஓம் சேர்" என்றேன்.

துளைகளை நேராக்கியதைவிட இந்த "ஓம் சேர்" எனக்கு இன்றைக்கும் அதிகம் எரிகிறது. முதலாவது, யார் தலையில் விழும் என்று தெரியாமல் செய்தது. இது தெரிந்து செய்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து முகத்துவாரம் பஸ்ஸில் இருபது நிமிடம். அன்று மாலையே போய், "அக்கா, பிழை உங்கட இல்ல, என்ர" என்று சொல்ல எனக்குச் சேரின் அனுமதி எதற்கு? போகவில்லை. போர்ட் வந்த பிறகு நல்ல செய்தியாகவே சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு கிழமை கடத்தினேன்.

அடுத்த செவ்வாய் போர்ட்கள் வந்தன. டிஸ்பிளேயை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனேன். அக்கா வீட்டில் இல்லை. ஏற்றுமதிக்கு மீன் பெட்டி கட்டும் கொட்டகையில், முழங்கை வரை கையுறை போட்டு, ஐஸ் வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, மீன் வாங்க வந்தீங்களா?"

சொன்னேன். நான் எதிர்பார்த்தது கோபம், அல்லது அழுகை. இரண்டும் வரவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்பக்கா?"

"மொத நாளே. ஏழும் எட்டும் வெலகி இருந்திச்சு. இந்தக் கண்ணாடி போட்டதும் அதுதான் நல்லாத் தெரிஞ்சது."

"அப்ப ஏன் சொல்லேல்ல?"

ஐஸ் அள்ளுவதை நிறுத்தினார். "நடுவுல இறுகுதுன்னு உங்க மூஞ்சிக்கு நேராச் சொன்னேனே தம்பி. நீங்க கொம்பியூட்டரப் பாத்தீங்க. அவரு ரெண்டு மொனையையும் அளந்தாரு. நடுவுல யாரு அளந்தீங்க?"

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"திரும்பி வாங்கக்கா."

"வாறேன். இங்க ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்து அறுநூறு தர்றாங்க. அங்க ரெண்டாயிரத்து நானூறு. இனிமே அங்கயும் ரெண்டாயிரத்து அறுநூறு வேணும். நிப்பாட்டி வச்ச எட்டு நாளும் பழைய கணக்குல வேணும். அந்தத் தாள்ல கைப்பிழைன்னு எழுதினத வெட்டணும். எம் மகளுக்குக் காட்டணும், அதுக்குத்தான். அப்புறம் நீங்க வரையிறப்போ என்னையும் உள்ள கூப்பிடணும். ஈய வாசம் வருதுன்னா நான் கை கழுவிட்டு வாறேன்."

சேரிடம் நான்கையும் சொன்னேன். சம்பளம் கூட்டுவதற்கு ஒத்துக்கொண்டார், ஆள் வேண்டியிருந்தது. அக்காவை உள்ளே கூப்பிடுவதற்குத் தோளைக் குலுக்கினார். தாளைத் தானே எடுத்து, எழுதியதைக் குறுக்கே வெட்டி, "வரைபுப் பிழை" என்று எழுதி, பக்கத்தில் என் பெயரையும் எழுதினார். அக்காவிடம் மன்னிப்பு என்ற சொல்லை அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. புதன்கிழமை அக்கா வந்து அறுபதில் ஒன்றும் உடைக்காமல் இரண்டு நாளில் முடித்துக் கொடுத்தார். வியாழக்கிழமை வந்த உங்கள் கோப்பைத் தாளில் அச்சடித்து அக்காவின் மேசைக்கு ஏன் அனுப்பினேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டீர்களே, அதற்கு இதுதான் பதில். அவர் சரி என்று சொல்லாமல் இங்கிருந்து ஒரு போர்ட்டும் போகாது.

அந்தக் கிழமைக் கடைசியில் நட்டம் எவ்வளவு என்று எழுதித் தரும்படி சேர் சொன்னார். அக்காவும் நிஸாம் நானாவும் இருக்கையில் எழுதினேன். புதிய போர்ட்டும் விமானக் கூலியும் எழுபத்துநாலாயிரம். சுங்கத்தில் எடுத்த செலவு இருபத்தோராயிரத்து ஐந்நூறு. உடைந்த டிஸ்பிளே பதினொன்று, பன்னீராயிரத்து அறுநூற்றைம்பது. மோட்டாரைக் கையால் போட்டு நிறுத்த ஆள் வைத்ததற்காகப் பாமன்கடைக்காரர் கழித்துக்கொண்டது நாற்பதாயிரம். இவ்வளவையும் சேர் மறுபேச்சில்லாமல் கேட்டார். ஐந்தாவதாக, அக்காவின் எட்டு நாள், பத்தொன்பதாயிரத்து இருநூறு என்று எழுதியதும் கையை நீட்டி நிறுத்தினார்.

"அது சம்பளமெல்லோ? நட்டத்துக்க ஏன் போடுறீர்?"

"வேலை செய்த நாளுக்குத்தான் சேர் சம்பளம். இது நாங்க செய்ய விடாத நாள்."

போன கிழமை என்றால் விழுங்கியிருக்கக் கூடிய வசனம். சேர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்க்கவில்லை. பிறகு, "சரி, போடும்" என்றார். போட்டேன். மொத்தம் ஒரு இலட்சத்து அறுபத்தேழாயிரத்து முந்நூற்றைம்பது ரூபா.